கடலடி எல்லையும் மலையகக் காணியும்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் மக்களிடம் கடலடி நிலத்தின் உரிமை பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். மத்திய மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. எனினும் ஒரு நாட்டில் மத்திய அரசின் நிலம் எது, மாநிலத்தின் அல்லது மாகாணத்தின் நிலம் எது என்ற வினாவுக்குப் பிற நாடுகள் கடலில் கண்ட விடை, நமது மலையகக் காணிப் பிரச்சினையைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும்.

ஐக்கிய அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலடியிலுள்ள எண்ணெய் வளம் யாருக்குரியது என்ற வழக்கில், 1947இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. மாநிலங்கள் இதனை ஏற்கவில்லை. அதன் பயனாக 1953இல் காங்கிரஸ் சபை சட்டமியற்றி, கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான கடலடி நிலத்தை மாநிலங்களுக்கு வழங்கியது. மெக்சிக்கோ வளைகுடாவில் டெக்சாசும் புளோரிடாவும் 9 கடல் மைல் வரை உரிமை பெற்றன.

ஆயினும் 3 மைலை எங்கிருந்து அளப்பது? நீர் வற்றும் போது தெரியும் கரைக்கோட்டிலிருந்து என்றால், மணல் அரிக்கப்பட்டும் சேர்ந்தும் கரை இடம்பெயரும். எல்லையும் அதனுடன் நகரும். ஆகவே நீதிமன்றம் ஒருமுறை ஆள்கூறுகளால் குறித்த எல்லை பின்னர் நகராது என 1986இல் சட்டம் திருத்தப்பட்டது. கலிபோர்னியாவின் எல்லை அவ்வாறு நிலைநிறுத்தப்பட்டது 2014இல்தான். வழக்கு நீண்டதே எனினும், இறுதியில் வரைபடத்தில் ஒரு கோடு கிடைத்தது என்பதே கவனிக்கத்தக்கது.

இலங்கையில் கடலைப் பொறுத்தவரை இத்தகைய பிணக்குக்கு இடமில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி ஆட்புலக் கடல், கண்டமேடை, பிரத்தியேகப் பொருளாதார வலயம் யாவும் மத்திய அரசுக்கென ஒதுக்கப்பட்ட நிரலில் அடங்குகின்றன. கிழக்கிலும் வடக்கிலும் புத்தளத்திலும் மீன்பிடியை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் மக்களின் மாகாண சபைகளுக்குக் கடலடியில் ஒரு சாண் நிலமும் இல்லை.

நிலத்தின் மீதோ நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. காணி என்ற விடயம் மாகாண சபை நிரலில் 18ஆவதாக இடம்பெறுகின்றது. ஆனால் இரண்டாம் பின்னிணைப்பில் கூறப்பட்ட அளவுக்கு மட்டுமே. அரச காணியோ ஒதுக்கிய நிரலிலும் இடம்பெறுகின்றது. அரச காணி தொடர்ந்து குடியரசுக்கே உரியது என்றும், மாகாணத்திலுள்ள அரச காணியைப் பிரசைகளுக்கு வழங்குவது மாகாண சபையின் ஆலோசனையின் பேரில் ஜனாதிபதியாலேயே செய்யப்படும் என்றும் பின்னிணைப்பு கூறுகின்றது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்வதை ஒத்தது இது.

நீரில் மூழ்கிய நிலம் மலையகத்திலும் உண்டு. 1969இல் அணை கட்டப்பட்ட மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. நீர்மட்டம் குறையும் காலங்களில் கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் வெளித்தெரிவதை அப்பகுதி மக்கள் அறிவர். அந்நீர் சேரும் களனி கங்கை ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாக ஓடுகின்றது. அத்தகைய ஆறுகள் சார்ந்த நீர்ப்பாசன, காணி அபிவிருத்தித் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பாகும்.

இந்தத் தெளிவின்மையின் விலையை ஒரு தோட்டக் குடியிருப்பாளர் செலுத்த நேர்ந்ததை நுவரெலியா மாவட்டத்தின் ஸ்டஃபர்ட் தோட்ட வழக்கு காட்டுகின்றது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறுமாறு அவருக்கு அறிவித்தல் விடுக்கப்பட்டது. அதனை எதிர்த்து அவர் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரினார். தனக்கு நியாயாதிக்கம் இல்லை என மேல் நீதிமன்றம் கூறியது. உண்டு என மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இறுதியில் 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றம், அரச காணியிலிருந்து ஒருவரை வெளியேற்றுவது மாகாண சபை நிரலுக்குள் வராது என்றும், ஆகவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் இல்லை என்றும் தீர்ப்பளித்தது.

இதன் நடைமுறை விளைவு என்ன? 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. ஆனால் நிலம் இன்னும் அரச நிலமே. தலைமுறைகளாக லயன் அறையில் வாழும் ஒருவர், வெளியேற்ற அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை கோர, அருகிலுள்ள கண்டியைக் கடந்து கொழும்புக்கே செல்ல வேண்டும். நாட்கூலியை இழந்து, பயணச் செலவையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் தாங்க எத்தனை பேரால் இயலும்?

நாம் நீதிமன்றத்தைக் குறை கூறவில்லை. எழுதப்பட்ட சட்டத்துக்கே அது பொருள் கூறியது. குறை, எழுதியதைச் செயற்படுத்தாமையிலும் உள்ளது. அரச காணிப் பயன்பாட்டுக் கொள்கையை வகுக்க, எல்லா மாகாண சபைகளின் பிரதிநிதிகளும் இடம்பெறும் தேசிய காணி ஆணைக்குழுவை அரசாங்கம் அமைத்தல் வேண்டும் என அதே பின்னிணைப்பு பணிக்கின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது அமைக்கப்படாமலேயே கழிந்தது. மத்திய மாகாண சபையின் ஆயுட்காலம் 2018இல் முடிந்த பின்னர், ஆலோசனை கூறுவதற்குத் தெரிவுசெய்யப்பட்ட சபையும் இன்றிப் பல ஆண்டுகள் சென்றன.

அமெரிக்கா கடலில் செய்ததை நாம் நிலத்தில் செய்ய வேண்டியுள்ளது. ஆணைக்குழு அமைக்கப்படல் வேண்டும். தோட்டக் குடியிருப்புகள் நில அளவை செய்யப்பட்டு, எல்லை குறித்த வரைபடத்துடன் உறுதிகள் வழங்கப்படல் வேண்டும். வெளியேற்ற அறிவித்தல்களுக்கு எதிராக மாகாணத்திலேயே பரிகாரம் தேடச் சட்டத்தில் வழி திறக்கப்படல் வேண்டும். மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையே கோடு வரையப்படாதவரை, இரண்டுக்கும் நடுவே நின்று இழப்பவன் அந்த நிலத்தில் குடியிருப்பவனே.