புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் திடீர் மூச்சுத்திணறலா? ‘வாயு’னு விட்டுடாதீங்க!

கர்ப்பப்பை, சினைப்பை புற்றுநோய்க்கான ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, டிஸ்சார்ஜும் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு. இனி பயமில்லைனு குடும்பம் நினைக்கிற அந்த வாரங்களிலும் ஒரு ஆபத்து காத்திருக்கலாம். நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதுதான் அது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் ‘பல்மனரி எம்பாலிசம்’.

கட்டி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் காலில் இருந்துதான். கால் அல்லது இடுப்பின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அது பெயர்ந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரலில் சிக்குகிறது. ரத்தம் ஓடாமல் தேங்குவது, ரத்தக்குழாய் காயப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும்தான் இதற்கு அடிப்படை. படுத்தே இருப்பது, இடுப்புக்குள் நடக்கும் பெரிய ஆபரேஷன், புற்றுநோய் என மூன்றுமே இந்தப் பெண்களுக்கு ஒரே நேரத்தில் சேர்ந்துவிடுகின்றன. பிறகு தொடங்கும் கீமோவும் ஆபத்தைக் கூட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முக்கியமான வார்த்தை ‘திடீர்’. நேற்று வரை பாத்ரூமுக்கு நடந்து போய் வந்தவருக்கு இன்று நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்குகிறது என்றால் அது வெறும் அசதி இல்லை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, படபடப்பு, இருமலில் ரத்தம், தலைசுற்றி மயங்கி விழுவது ஆகியவையும் எச்சரிக்கைதான். ‘வாயு பிடிச்சிருக்கும்’, ‘உடம்புல ரத்தம் கம்மி’ என்று கஷாயம் வைத்துக் கொடுத்து ஒரு ராத்திரியைக் கடத்துவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அந்த ராத்திரி உயிரையே பறிக்கலாம்.

கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரில் அளவு சரியாகக் காட்டினாலும் நம்பி உட்கார வேண்டாம். சிலருக்கு கட்டி இருந்தும் ஆக்சிஜன் அளவு குறையாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் போட்டு நீவி விடவே கூடாது. கட்டி பெயர்ந்துவிட வாய்ப்பு உண்டு. காலில் எதுவும் தெரியாமல் நேராக மூச்சுத்திணறலே வருவதும் நடக்கும்.

ஊசியைப் பாதியில் நிறுத்தலாமா?

கூடாது. வயிறு, இடுப்புப் பகுதியில் பெரிய புற்றுநோய் ஆபரேஷன் செய்தவர்கள் பலருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை சுமார் 4 வாரம் வரை எழுதிக் கொடுப்பார்கள். தொப்புளைச் சுற்றித் தோலுக்கு அடியில் தினமும் போட்டுக்கொள்ளும் சின்ன ஊசி அது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நடுவில் விடுவது ஆபத்து. ஊசி போட்ட இடத்தில் லேசாகக் கன்றிப்போவது சகஜம். நிற்காத ரத்தக்கசிவு இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூச்சுத்திணறல் வந்தால்?

நோயாளியை நடக்கவிடாமல் 108-ஐ அழையுங்கள். சிடி ஸ்கேனில் கட்டி தெரிந்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உடனே தொடங்குவார்கள், மாதக்கணக்கில் அது தொடரும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் நுழைந்ததுமே இதைச் சொல்லுங்கள்: என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, கடைசி ஊசி எப்போது.