ஞாயிற்றுக்கிழமை வீடு

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் ஞாயிறன்று சேட்டர் ரோட்டில் வண்டிகள் ஓடாது. காலையிலேயே பிலிப்பைன்ஸ் பெண்கள் வந்துவிடுவார்கள். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரிப்பார்கள். நாலு அட்டையைச் சுற்றிலும் நிறுத்தினால் சுவர். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எச்.எஸ்.பி.சி வங்கித் தலைமையகத்தின் கீழ்த்தளம் திறந்தவெளியாக இருக்கும். வெயிலும் மழையும் அண்டாத அந்த இடமும் நிறைந்துவிடும்.

அட்டைச் சுவருக்குள் என்னதான் நடக்கிறது? ஒருத்தி தோழிக்கு முடி வெட்டிவிடுகிறாள். இன்னொருத்தி ஊரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுகிறாள். சீட்டாட்டம், நகப்பூச்சு, பிரார்த்தனை, சோறும் அடோபோ கறியும். ஒரே ஊர்க்காரர்கள் வாராவாரம் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். பக்கத்திலுள்ள வேர்ல்டுவைட் ஹவுஸில் ஊருக்குப் பணம் அனுப்பக் கூட்டம் நெரிகிறது. களைத்தவர்கள் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறார்கள். யாரும் எழுப்பி வேலை சொல்லமாட்டார்கள்.

மற்ற ஆறு நாளும் இவர்கள் இருப்பது பிறர் வீட்டில். ஹாங்காங்கில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் உண்டு. பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள். அடுத்தபடியாக இந்தோனேசியர்கள், அவர்கள் கூடுவது விக்டோரியா பூங்காவில். ஒப்பந்தம் 2 வருடம். வேலை தரும் குடும்பத்தின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது 2003 முதல் கட்டாயம். குருவிக்கூடு போன்ற அடுக்குமாடி வீடுகளில் தனியறை எங்கே கிடைக்கும்? பலருக்குப் படுக்கை குழந்தைகளின் அறையில்தான். வேலை போனால் 2 வாரத்துக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பிற வெளிநாட்டவர்கள் 7 வருடம் வசித்தால் நிரந்தர வசிப்புரிமை கோரலாம். இவர்கள் எத்தனை வருடம் உழைத்தாலும் அது கிடையாது என்று 2013-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்து ஆளாக்கியவர்களுக்கு இந்தப் பதில் பெரிய அநியாயம் என்பதே என் எண்ணம்.

ஆனாலும் அந்த ஊரைத் தம்முடையதாக்கிக்கொண்டவர்கள் இவர்களில் உண்டு. வீட்டு வேலைக்கு வந்த சைசா பகானி, முதலாளியம்மாவிடம் கடன் வாங்கிக் கேமரா வாங்கினார். ஓய்வு நேரத்தில் ஹாங்காங் தெருக்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். இன்று அவர் உலகறிந்த புகைப்படக் கலைஞர்.

இதற்கெல்லாம் இடம் தருவது ஓய்வு நேரம்தான். வாரம் ஒரு முழுநாள் விடுப்பு ஹாங்காங்கில் சட்டப்படியான உரிமை. வீட்டுப் பணியாளர்களுக்கு வாரம் 24 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்கிற 2011-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை பிலிப்பைன்ஸ் ஏற்றுவிட்டது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் வெளியூர்ப் பெண் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையை முழுதாக அவரிடம் கொடுத்துவிடுங்கள்.