கொழும்பில் கடை திறந்திருக்குமா?

தஞ்சாவூர், கும்பகோணம், நாகூர் பக்கமிருந்து கொழும்புக்கு வேலையாகப் போய்வருகிறவர்கள் இன்றும் உண்டு. திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். புறக்கோட்டையில் சரக்கு, செட்டியார் தெருவில் நகை, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீடு, ராத்திரிக்குக் கொத்து ரொட்டி. அங்கே போராட்டம், ஊரடங்கு என்று செய்தி வந்தால் போகலாமா என்ற பேச்சு வீட்டில் எழும். முதலில் பார்க்க வேண்டியது, கோபம் யார் மீது என்பதுதான்.

டெல்டாக்காரருக்கு இது தெரிந்த கணக்குதான். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு பற்றியெரிந்தபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் தேடி எரிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் பயணத்தை ரத்து செய்வதைத் தவிர வேறு யோசனை கூடாது.

2022-இல் கொழும்பில் நடந்த போராட்டம் வேறு வகை. அன்றைய கோபம் ராஜபக்ச குடும்பத்தின் மீது. அந்நியச் செலாவணி தீர்ந்து, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை அரசு நிறுத்தியது. இதற்கு முன்பே 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை போட்டார் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச. நவம்பரில் தடை விலகியது. அதற்குள் பெரும்போகம் எனப்படும் அங்கத்திய முக்கியப் பருவத்தின் நெல் அடிவாங்கிவிட்டது. சம்பா நடவு முடிந்து யூரியாவுக்கு அலைந்த நம்மூர் விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அந்த நெருக்கடிக்காகத் தமிழ்நாடு அறிவித்த 40,000 டன் அரிசி உதவியில் முதல் கப்பல் 2022 மே 18 அன்று சென்னையிலிருந்து கிளம்பியது.

அந்த மாதங்களில் கொழும்புக்குப் போனவரை மறித்தது கோஷம் போட்ட கூட்டம் அல்ல. எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் சாப்பாட்டுக் கடைகள் மூடின. சில இடங்களில் விறகில் சமைத்தார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றானது. கையில் பணம் இருந்தாலும் ஆட்டோ கிடைப்பது பாடு.

இடமும் முக்கியம். போராட்டக்காரர்கள் ஏப்ரல் 9 முதல் கூடிய காலிமுகத்திடலிலிருந்து தெற்கே போகும் காலி வீதியில்தான் இந்தியத் தூதரகம், பிரதமரின் அலரி மாளிகை, கடைசியில் வெள்ளவத்தை எல்லாம் வருகின்றன. ஜூலை 9 அன்று மக்கள் புகுந்த ஜனாதிபதி மாளிகை கோட்டையில். புறக்கோட்டைச் சந்தை அதற்கு அடுத்தாற்போல. ஆகவே சரக்கு வாங்கப் போகிறவர் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஊரடங்கு எந்த நேரமும் வரலாம், போகலாம். ஜூலை 8 இரவு போட்டதை மறுநாள் காலையே எடுத்துவிட்டார்கள். கட்டுநாயக்க விமான நிலையமோ நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு, 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் அது யாழ்ப்பாணப் பக்கம் இறக்கிவிடும். கொழும்பு வேலைக்கு நேர்வழி அல்ல.

போனால் கைச்செலவுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தூதரக எண்ணை எழுதிவையுங்கள், வேலை முடிந்ததும் கிளம்புங்கள். போராட்டத்தைச் சமூக ஊடகத்தில் பதிவிட்டு வந்த பிரிட்டன் பெண் ஒருவரின் விசாவை இலங்கை அரசு 2022 ஆகஸ்டில் ரத்து செய்தது. வேடிக்கை பார்க்கக்கூட நிற்காதீர்கள்.