டிங்... டாங்... கதவுக்கு வெளியே யாரு?

குட்டீஸ், ஒரு சின்ன டெஸ்ட்!

பள்ளி விட்டு வந்துவிட்டீர்கள். அம்மாவும் அப்பாவும் இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை. பாட்டி உள்ளே தூங்குகிறார். ‘டிங்... டாங்...’ அழைப்பு மணி அடிக்கிறது. என்ன செய்வீர்கள்?

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தீர்கள்தானே? மாட்டிக்கொண்டீர்களா!

புதுச்சேரியில் தமிழர் பகுதியின் பழைய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? வைசியாள் வீதியில் இன்னும் சில இருக்கின்றன. தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதற்குள் திண்ணை. வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். இந்திரா காந்தி சிலையைத் தாண்டி வில்லியனூர் சாலையில் ரெட்டியார்பாளையம் வந்தால், மாடி வீடுகளும் ஃப்ளாட்டுகளும்தான் அதிகம். மூன்றாவது மாடிக்குத் திண்ணை கட்ட முடியுமா? அந்த வேலையைச் செய்ய வந்ததுதான் ‘வீடியோ டோர் போன்’. வாசலில் ஒரு கேமரா, ஒரு மைக். வீட்டுக்குள் ஒரு சின்னத் திரை. அவ்வளவுதான்!

இதை முதலில் யோசித்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை, ஒரு நர்ஸ்! பெயர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்தவர். நர்ஸ் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. வீட்டில் தனியாக இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் பயமாக இருக்கும். போலீசைக் கூப்பிட்டால் வந்து சேரவும் நேரமாகும். அதனால் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது கிடைத்தது.

அவர் கதவில் நான்கு துளைகள். ஒரு கேமரா மேலும் கீழும் நகர்ந்து துளை வழியாக எட்டிப் பார்க்கும். மேல் துளை உயரமான ஆளுக்கு. கீழ்த் துளை யாருக்கு? உங்களை மாதிரிக் குட்டிகளுக்கு! படம் படுக்கையறை டி.வி.யில் தெரியும். மைக்கில் பேசலாம். பட்டனை அழுத்திப் பூட்டைத் திறக்கலாம், ஆபத்து என்றால் அலாரமும் அடிக்கலாம். அடேங்கப்பா, இன்றைய கருவிகள் செய்வதில் பாதிக்கு மேல் அப்போதே!

இப்போது வருபவற்றில் எது எங்கே சரிப்படும்? தனி வீட்டுக்கு ஒரு கேமரா, ஒரு திரை போதும். சாதாரண வகையில் நான்கே ஒயர்கள்: மின்சாரத்துக்கு இரண்டு, குரலுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. ஃப்ளாட்டில் கேட்டருகே எண்பலகை இருக்கும். வருகிறவர் வீட்டு எண்ணை அழுத்தினால் அந்த வீட்டில் மட்டும் மணி அடிக்கும். வைஃபை வகை, கடைக்குப் போன அம்மாவின் செல்போனிலும் முகத்தைக் காட்டும். ஆனால் இன்டர்நெட் படுத்துவிட்டால் அதுவும் கூடவே படுத்துவிடும்!

பெரிய வித்தியாசம் பூட்டில்தான் இருக்கிறது. பல ஆபீஸ்களில் கதவுக்கு மேலே ஒரு இரும்புப் பட்டை பார்த்திருப்பீர்கள். அது மின்காந்தம். ஆணியில் ஒயர் சுற்றிப் பேட்டரியில் இணைத்துக் குண்டூசியைத் தூக்கியிருக்கிறீர்களே, அதேதான்! அதில் ஒரு வகை, கிட்டத்தட்ட 270 கிலோ இழுவையைத் தாங்கும். மின்சாரத்தை எடுத்துவிட்டால்? பொசுக்கென்று விட்டுவிடும். வேண்டுமென்றேதான் அப்படி! தீப்பிடித்து மின்சாரம் போனால், உள்ளே இருக்கும் ஐம்பது பேரும் தப்பி ஓட வேண்டுமே.

வீட்டில் அப்படி இருந்தால் கரண்ட் போன ராத்திரி கதவு தானாகத் திறந்துகொள்ளும். திருடனுக்குக் கொண்டாட்டம்! அதனால் வீட்டுக்கு வேறு வகை: மின்சாரம் வந்தால்தான் திறக்கும், போனால் பூட்டியே இருக்கும். உள்ளிருந்து கையால் திறந்துகொள்ளலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. பல இடங்களில் மின்சாரம் இல்லை. பேட்டரி இல்லாத வீடுகளில் டோர் போன் வெறும் சுவர் அலங்காரம்தான்! உங்கள் வீட்டில் டோர் போன் இருந்தால், மின்சாரம் போனாலும் வேலை செய்யுமா என்று அப்பாவிடம் கேளுங்கள். கேமரா எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் சாப்பிடுவதை நாம் ஏன் பார்க்க வேண்டும்?

சரி, நம் டெஸ்ட்டுக்கு வருவோம். திரையில் தெரியாத முகம். கதவைத் திறக்காமல் மைக்கில் பேசுங்கள். ‘நான் மட்டும்தான் இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பார்சல் என்றால் வெளியே வைக்கச் சொல்லுங்கள். ‘கரண்ட் ஆபீஸ்’ என்றால் அப்பா வந்தபின் வரச் சொல்லுங்கள். போகாமல் நின்று கதவைத் தட்டினால் பாட்டியை எழுப்பிவிட்டு அம்மாவுக்குப் போன் போடுங்கள். பயமாக இருந்தால் 112. பாட்டி திட்டமாட்டார்!