சீட்டாட்டத்தில் அதிர்ஷ்டமும் திறமையும்



கண்டி மாநகரிலும், அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலிய ஊர்களிலும் சீட்டாட்டம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓமி என்னும் ஆட்டமே. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி நால்வர் கூடினால் ஆட்டம் தொடங்கிவிடும். மலைநாட்டுப் புகைவண்டியிலும், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும், மரணவீட்டில் கண்விழித்திருக்கும் இரவுகளிலும் அதனைக் காணலாம். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர், "நல்ல சீட்டு வரவில்லை" என்பார். வென்றவர், "ஆடத் தெரிந்திருக்க வேண்டும்" என்பார். இவ்விருவருள் யார் கூற்று உண்மை? பணம் வைக்காதபோது இது வேடிக்கையான கேள்வி. பணம் வைத்து ஆடும்பொழுதோ, ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் இதன் விடையைப் பொறுத்ததாகிவிடுகின்றது.

விளையாட்டுகளை ஒரு வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். ஒரு முனையில் நிற்பது பல்லாங்குழி. குழிகளும் காய்களும் இருவர் கண்முன்னும் இருக்கின்றன, மறைந்திருப்பது எதுவுமில்லை. வெற்றி தோல்வி கணக்கிடும் ஆற்றலையே சார்ந்தது. மறுமுனையில் நிற்பது லொத்தர்ச் சீட்டு. அதனை வாங்குபவர் பேராசிரியரானாலும் எழுத்தறியாதவரானாலும் வாய்ப்பு ஒன்றே. சீட்டாட்டங்கள் இவ்விரண்டுக்கும் இடையே நிற்பன.

முதலில் ஓமியை எடுத்துக்கொள்வோம். ஏழு முதல் ஆசு வரையுள்ள 32 சீட்டுகள். இருவர் இருவராக இரு அணிகள். ஒருவருக்கு எட்டுச் சீட்டு. முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்தவுடனேயே உரியவர் துரும்பு இன்னதெனக் கூறிவிட வேண்டும். அவர் கையில் ஒரே இனத்துச் சீட்டுகள் இரண்டு இருந்து, அவ்வினத்தையே துரும்பாக்குகின்றார் எனக் கொள்வோம். எஞ்சிய 28 சீட்டுகளுள் துரும்புகள் ஆறு. அடுத்து வரும் நான்கு சீட்டுகளில் அவருக்கு ஒரு துரும்பும் வராதிருக்க, நூற்றுக்கு ஏறத்தாழ 36 வாய்ப்பு உண்டு. இஃது அதிர்ஷ்டத்தின் பங்கு. எந்த இனத்தைத் துரும்பாக்குவது, விழுந்த சீட்டுகளை எவ்வாறு நினைவில் வைப்பது, பங்காளியின் ஆட்டத்திலிருந்து அவர் கையை எவ்வாறு ஊகிப்பது என்பன திறமையின் பங்கு.

மேலைநாட்டுப் போக்கர் ஆட்டத்தில் இவ்விரண்டும் இன்னும் கடுமையாக மோதுகின்றன. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தைத் தெரிவுசெய்யும் வகைகள் 25,98,960. நல்ல சீட்டு யாருக்கு வரும் என்பதை எவரும் ஆளமுடியாது. ஆயினும் கையில் ஒன்றுமில்லாதவர், துணிவாகப் பந்தயத்தை உயர்த்தி எதிரியைப் பின்வாங்கச் செய்யலாம். சிறந்த சீட்டுள்ளவர், அச்சத்தால் அதனைக் கைவிடலாம். எப்பொழுது நிற்பது, எப்பொழுது விலகுவது என்று அறிவதே இவ்வாட்டத்தின் கலை.

ஆகவே திறமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திறமை எத்தனை ஆட்டங்களில் வெளிப்படும்? நூறு ஆட்டங்களுக்குச் சராசரியாக 55 ஆட்டங்களை வெல்லக்கூடிய வல்லவர் ஒருவரைக் கற்பனை செய்வோம். பத்து ஆட்டம் மட்டுமே ஆடினால், வெற்றியினும் தோல்வியே மிகுந்து அவர் எழுந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நூறு ஆட்டங்களின் முடிவிலும் அவ்வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. ஆயிரம் ஆட்டங்கள் ஆடினாலே அது ஆயிரத்தில் ஒன்றினும் குறைகின்றது. அதாவது, ஓரிரவில் பேசுவது அதிர்ஷ்டம். பல்லாண்டுகளில் பேசுவது திறமை.

இதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்றாகும். 2017ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் அமைத்த லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர் நால்வரை வென்றது. வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்ததன்று என்பதை நிலைநாட்ட அங்கே 1,20,000 ஆட்டங்கள் ஆடப்பட்டன. ஓர் இரவில் 120 ஆட்டம் ஆடும் ஒருவர் இந்த எண்ணை எட்டுவதற்கு ஆயிரம் இரவுகள் வேண்டும்.

இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கின்றது. மூன்று இரவுகள் தொடர்ந்து வென்றவர், அதனைத் தம் திறமை என்றே நம்புகின்றார். தோற்றபொழுதோ அதிர்ஷ்டத்தை நோகின்றார். உண்மையிலேயே திறமை இருந்தாலும், அது வெளிப்படுமுன் சிறிய மடிச்சீலை வெறுமையாகிவிடக்கூடும். மேலும், திறமை என்பது எதிரே அமர்ந்திருப்பவரோடு ஒப்பிட்டுக் கூறப்படுவது. சமவல்லமை உடையோர் ஆடும் இடத்தில், ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வாராயின், நெடுங்காலத்தில் வெல்பவர் அவர் ஒருவரே.

சட்டமும் இக்கேள்வியோடு போராடியிருக்கின்றது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டமென்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. ஆயினும் 2025இல் இந்திய நாடாளுமன்றம் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தபோது, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டைப் பாராட்டவில்லை. இலங்கையிலோ, 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச்சட்டம், பொதுமக்கள் நடமாடும் இடங்களில் பந்தயம் வைத்து ஆடுவதையே குற்றமாக்கியது. "இது திறமை ஆட்டம்" என்னும் சொல் உண்மையாயிருக்கலாம். ஆனால் அஃது ஆடுபவரின் பணத்துக்குக் காவலாகாது.

தம் திறமையை அறிய விரும்புவோர்க்கு எளிய வழியொன்று உண்டு. ஆடிய ஒவ்வொரு நாளின் வரவையும் இழப்பையும் விடாது எழுதிவைத்தல் வேண்டும். மனம் வெற்றிகளைப் போற்றி வைக்கும். தோல்விகளை எளிதில் மறந்துவிடும். கணக்குப் புத்தகம் இரண்டையும் ஒன்றுபோலவே வைத்திருக்கும்.

பணமின்றி ஆடப்படும் ஓமியிலோ இக்கணக்குக்கு வேலையில்லை. அங்கே அதிர்ஷ்டம் கைவிட்டால் இழப்பது ஓர் ஆட்டம். திறமை கைகொடுத்தால் பெறுவது பங்காளியின் பாராட்டு. அடுத்த கை பகிரப்படும்பொழுது நால்வரும் மீண்டும் சமமாகவே அமர்ந்திருப்பர்.