உஷார்! சர்வர் கத்துகிறது, கேட்க ஆளில்லை

திருநெல்வேலியில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம், "அலர்ட் மெயில் எல்லாம் எங்கப்பா வருது?" என்று கேட்டேன். "தனி ஃபோல்டர்ல விழுற மாதிரி வச்சிருக்கேன் அண்ணாச்சி. இல்லன்னா வேல பாக்க முடியாதுல்லா" என்றார். திறந்து காட்டினார். படிக்காத மெயில் பதினோராயிரத்துச் சொச்சம். தேடிப் பார்த்ததில் நடுவே ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: 'பேக்கப் தோல்வி.' பத்தொன்பது நாளாக, ஒவ்வொரு ராத்திரியும். அதற்குள் டிஸ்க் போயிருந்தால் கணக்கு, சம்பளம், ரசீது எதுவுமே மிஞ்சியிருக்காது.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு மெயில் வந்தால் எந்த மனிதனும் இதைத்தான் செய்வான். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கலாம். அதனால்தான் பதறி எழுதுகிறேன்.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் நடந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்திருந்தது. நிலையத்தை நடத்தும் அணுமின் கழகத்துக்கு அதைத் தெரிவித்தது செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு, 2019 செப்டம்பர் 4-ஆம் தேதி. அக்டோபர் 29-இல் நிலையம் மறுத்தது. மறுநாளே கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அது ஆறுதல்தான். ஆனால் எனக்கு உறுத்துவது, தகவல் வெளியிலிருந்து வந்தது என்பது. அணுமின் நிலையத்துக்குச் சொல்ல டெல்லியில் ஆள் உண்டு. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கோ சேரன்மகாதேவியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ யார் வந்து சொல்வார்கள்? அவர்களுக்கு இருப்பது அவர்களுடைய சர்வர் அனுப்பும் அலர்ட் மட்டுமே.

அந்த அலர்ட் கூட்டத்தில் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் நடந்ததே சாட்சி. திருடும் நிரல் நுழைந்ததைக் கருவி கண்டுபிடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு பார்த்து, அமெரிக்காவுக்குத் தகவலும் அனுப்பியது. அங்கே யாரும் அசையவில்லை. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் போனது. 1994-இல் பிரிட்டனில் மில்ஃபோர்டு ஹேவன் அருகே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில், இரண்டு ஆபரேட்டர்களின் முன்னால் 275 அலாரம் வந்து குவிந்தன. மனிதக் கண்ணுக்கு ஓர் அளவு உண்டு என்று தொழிற்சாலைக்காரர்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். வழக்கமான நாளில் ஓர் ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக்கூடாது என்று பிற்பாடு வழிகாட்டுதலே எழுதினார்கள்.

நம் ஊரில் இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? பாதி கரண்டிலிருந்து. மின்சாரம் போய் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் விழுந்தால், அதன் பின்னால் இருக்கும் நாற்பது கருவியும் 'நான் இல்லை, நான் இல்லை' என்று தனித்தனியாக மெயில் அனுப்பும். ஸ்விட்ச் விழுந்தால் பின்னால் உள்ளவை பேசக்கூடாது என்று கண்காணிப்பு மென்பொருளில் ஒரே ஒரு சார்பு விதி எழுதினால் நாற்பதும் ஒன்றாகிவிடும். இன்னொன்று, பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் பழையதையே வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருதரம் கதவைத் தட்டும் ஸ்கேனர். விண்டோஸ் லாகில் 4625 என்ற எண்ணாக அது கொட்டும். அலர்ட்டை அணைக்காதீர்கள், ஸ்கேனரில் பாஸ்வேர்டைச் சரிசெய்யுங்கள். ஒரு வார அலர்ட்டை எடுத்து எந்த விதி எத்தனை தரம் அடித்தது என்று எண்ணினாலே இப்படிப்பட்டவை மேலே வந்துவிடும்.

மிஞ்சும் அலர்ட்டை எப்படித் தரம் பிரிப்பது? மழை கற்றுக்கொடுத்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ஐ நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி நம் ஊருக்குள் வந்தது. வானிலைத் துறையின் நான்கு நிறங்களும் இப்போது நமக்கு மனப்பாடம். பச்சைக்கு வேலையில்லை, மஞ்சளுக்குக் கவனி, ஆரஞ்சுக்குத் தயாராகு, சிவப்புக்குச் செயல்படு. நிறம் மழையை மட்டும் சொல்லவில்லை, நாம் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்கிறது. சர்வருக்கும் அதே கணக்கு வேண்டும். பார்ப்பவர் செய்வதற்கு ஒன்றும் இல்லாத செய்தி லாகில் இருக்கட்டும், போனுக்கு வரவேண்டாம்.

ஆனால் இரைச்சல் தாங்காமல் எல்லாவற்றையும் வாயடைத்துவிடாதீர்கள். அது இதைவிட ஆபத்து. பாதுகாப்பு லாக் அழிக்கப்பட்டால் வரும் 1102, நிர்வாகிக் குழுவில் புதுப் பெயர் சேர்ந்தால் வரும் 4732, சர்வரில் புதுச் சர்வீஸ் ஏறினால் வரும் 7045, பேக்கப் தோல்வி, ஆன்டிவைரஸ் நின்றுபோனது: இவை ராத்திரி இரண்டு மணிக்கும் ஓர் ஆளை எழுப்பவேண்டும். லாக் அனுப்பிக்கொண்டிருந்த கருவி திடீரென்று மௌனமானால் அதுவும் சிவப்புதான். எதையாவது தற்காலிகமாக நிறுத்தினால், நிறுத்தியவர் பெயரும் திரும்ப இயக்கும் தேதியும் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை சோதனைக் கணக்கு ஒன்றை நிர்வாகிக் குழுவில் சேர்த்துப் பாருங்கள். யாராவது போன் செய்கிறார்களா என்று காத்திருங்கள், பிறகு நீக்கிவிடுங்கள்.

முதலாளிகளே, நிர்வாகிகளே, இது அந்தத் தம்பி ஒருவனுடைய வேலை அல்ல. செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாகைப் பத்திரப்படுத்தவேண்டும். தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் சொல்லவேண்டும். சொல்வதற்கு முதலில் யாராவது பார்த்திருக்கவேண்டும். இன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.