அரங்கேறாத ஆய்வுகள்: போலி ஆய்விதழ்களும் ஆய்வாளர் கொள்ள வேண்டிய விழிப்பும்

தமிழ் மரபில் ஒருவர் எழுதி முடித்த அளவிலேயே ஒன்று நூலாகிவிடுவதில்லை. கற்றோர் அவையில் அரங்கேறிய பின்னரே அது நூல் எனும் தகுதியைப் பெற்றது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. ஆசான் குற்றம் வினவ, ஆசிரியர் விடை பகர்ந்த திறத்தை உரையாசிரியரும் விரித்துரைப்பர்.

இன்றைய ஆய்வுலகில் அவ்வவையின் பணியைச் செய்வது ஆய்விதழ்களின் மதிப்பாய்வு முறையாகும். வந்த கட்டுரையைத் துறைவல்லார் இருவரோ மூவரோ படித்துக் குறை சுட்டுவர். ஆசிரியர் திருத்துவார். தகுதி இருப்பின் கட்டுரை அச்சேறும். இப்பணியைச் செய்யாமலேயே செய்ததாகக் கூறி, ஆய்வாளரிடம் பணம் பெற்றுக்கொண்டு வெளியிடும் இதழ்களே போலி ஆய்விதழ்கள். இரைதேடும் விலங்கின் இயல்பு தோன்ற ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பெயர் சூட்டியவர், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல். இத்தகைய இதழ்களை இனங்காட்டி அவர் தொகுத்து வந்த பட்டியல் 2017 சனவரியில் நிறுத்தப்பட்டது.

வெளிப்பட்ட உண்மைகள்

இவ்விதழ்களின் இயல்பை வெளிக்கொணர்ந்த ஆய்வுகள் இரண்டினை ஈண்டுச் சுட்டுதல் தகும். ஜான் பொஹானன் என்னும் அறிவியல் இதழாளர், எளிதில் கண்டறியத்தக்க பிழைகள் மலிந்த பொய்க் கட்டுரை ஒன்றைப் புனைந்தார். அதனைக் கட்டணம் பெறும் 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றுக்கொண்டன. இச்செய்தியை 2013இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது.

மற்றொன்று போலந்து நாட்டு ஆய்வாளர் சிலர் செய்தது. 'அன்னா ஓ. சுஸ்ட்' என்னும் இல்லாத பெண்மணி ஒருவரைப் படைத்து, அவர் பதிப்பாசிரியர் பணி வேண்டுவதாக 360 இதழ்களுக்கு விண்ணப்பம் விடுத்தனர். போலந்து மொழியில் 'ஓசுஸ்ட்' என்னும் சொல்லுக்கு 'மோசடிக்காரர்' என்பது பொருள். பதிப்பாசிரியருக்குரிய தகுதி எதுவும் அவ்விண்ணப்பத்தில் இல்லை. எனினும் 48 இதழ்கள் அவரை ஏற்றுக்கொண்டன. அவற்றுள் 40 இதழ்கள் பீலின் பட்டியலில் இடம்பெற்றவை. இவ்வாய்வு 2017இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆசிரியர் குழுவில் அச்சிடப்பட்டுள்ள பெயர்களை மட்டும் கண்டு ஓர் இதழை நம்புதல் எத்துணைப் பிழை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நம் நாட்டு நிலை

இத்தகைய இதழ்கள் பெருகிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பது வருத்தத்திற்குரியது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வகுத்த விதிமுறைகள், ஆசிரியர் நியமனத்திற்கும் பதவி உயர்வுக்கும் வெளியீடுகளை மதிப்பெண்ணாகக் கணக்கிட்டன. எண்ணிக்கைக்கு மதிப்பு வந்தவுடன் அதனை விற்போரும் தோன்றினர். ஒப்புதல் பெற்ற இதழ்களின் பட்டியலைக் குழு 2017இல் வெளியிட்டது. ஆயின் தகுதியற்றவை பல அதனுள்ளும் புகுந்தன. 2018 மே மாதத்தில் 4,305 இதழ்கள் அதிலிருந்து ஒருங்கே நீக்கப்பட்டன. பின்னர் 2019இல் 'கேர்' பட்டியல் வந்தது. அதுவும் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் குழு அறிவித்தது. இதழ்களைத் தெரிவு செய்வதற்குரிய அளவுகோல்களைப் பரிந்துரைத்து, ஆராயும் பொறுப்பை உயர்கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது.

பட்டியலைப் பார்த்து அனுப்பிய காலம் முடிந்தது. இதழைப் படித்துப் பார்த்து அனுப்ப வேண்டிய காலம் வந்துள்ளது. இம்மாற்றத்தை நம் ஆய்வு மாணவர்கள் உணர்தல் இன்றியமையாதது.

அறியும் வழிகள்

ஓர் இதழ் தக்கதா என அறிய ஆறு வழிகளை நாம் பரிந்துரைப்போம்.

1. அவ்விதழின் பழைய வெளியீடுகள் இரண்டினைப் படித்துப் பார்த்தல் வேண்டும். சங்க இலக்கியமும் தாவரவியலும் வணிகவியலும் ஒரே இதழில் அடுத்தடுத்து இருப்பின், அனைத்தையும் மதிப்பிட்டவர் யார் என்ற ஐயம் எழ வேண்டும்.

2. ஆசிரியர் குழுவில் பெயர் கண்ட பேராசிரியர் ஒருவருக்கு, அவர் பணியாற்றும் நிறுவனத்தின் முகவரி வழியாக எழுதிக் கேட்கலாம். தம் பெயர் அங்கிருப்பதையே அறியாதாரும் உளர்.

3. ஐ.எஸ்.எஸ்.என். எண் ஓர் அடையாள எண்ணே, தரச்சான்று அன்று. அவ்வெண் அதே இதழுக்கு உரியதா என்பதனை அதற்குரிய இணையத்தளத்தில் சரிபார்த்தல் வேண்டும். புகழ்பெற்ற இதழ்களின் பெயரையும் எண்ணையும் களவாடி நடத்தப்படும் போலித் தளங்களும் உண்டு.

4. 'ஸ்கோபஸ்', 'வெப் ஆப் சயின்ஸ்' முதலியவற்றில் இடம்பெற்றுள்ளதாக இதழ் கூறுமாயின், அக்கூற்றை நம்பாது அத்தரவுத்தளங்களிலேயே தேடிக் காணுதல் வேண்டும். பெயர் தெரியாத நிறுவனங்கள் வழங்கும் 'தாக்க எண்' பொருளற்றது.

5. காலத்தை நோக்குதல் வேண்டும். நீண்டதோர் ஆய்வுக் கட்டுரையை இருவர் படித்துக் கருத்துரைக்கச் சில வாரங்களேனும் செல்லும். மூன்றே நாளில் ஏற்பு மடல் தருவோர் கட்டுரையைப் படித்திருத்தல் அரிது.

6. பணம் எப்போது கேட்கப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். நேர்மையான இதழ் கட்டணத்தை முன்னரே வெளிப்படையாக அறிவிக்கும். போலி இதழோ ஏற்புக்குப் பின் கேட்கும். கட்டுரையைத் திரும்பக் கேட்டால் அதற்கும் தொகை கேட்கும்.

இங்கு ஒரு விளக்கம் தேவை. கட்டணம் பெறும் இதழெல்லாம் போலியல்ல. அவ்வாறே இணையத்தளம் இன்றிக் காலந்தாழ்ந்து வெளிவரும் எளிய தமிழ் இதழ்களையும் போலி எனல் தகாது. வறுமை குற்றமன்று, பொய்யே குற்றம். படித்துத் திருத்தி அனுப்பும் ஆசிரியர் ஒருவர் இருப்பாராயின், அச்சிறு இதழே பளபளப்பான 'பன்னாட்டு' இதழினும் மேலானது. பதிவுக் கட்டணம் பெற்றுக்கொண்டு, வந்த கட்டுரைகளையெல்லாம் ஒரு சொல்லும் திருத்தாது ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் தொகுத்துத் தரும் கருத்தரங்கத் தொகுதிகளும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டவையே.

இழப்பு எத்தகையது?

கட்டணமாகச் சென்ற சில ஆயிரம் ரூபாய் மட்டுமே இழப்பு என எண்ணுதல் கூடாது. குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வுப் படிப்புக்கு வந்த மாணவி ஒருத்தி, ஊர் ஊராகச் சென்று திரட்டிய நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி எழுதுகிறாள் என்று கொள்வோம். அக்கட்டுரை போலி இதழில் ஒருமுறை வெளிவந்துவிட்டால், வெளிவந்ததனாலேயே நல்லிதழ் அதனை மீண்டும் ஏற்காது. போலி இதழின் தளம் ஒருநாள் மறைந்துவிடின் கட்டுரையும் உடன் மறையும். பாடிய முதியவர்களும் மறைந்திருப்பர். குறை சுட்டுவார் இன்மையால் பிழைகள் பிழைகளாகவே நின்று, அடுத்த ஆய்வேட்டில் மேற்கோளாகவும் புகும்.

முனைவர் பட்டத்திற்குக் கட்டுரை வெளியிட்டிருத்தல் வேண்டும் என்னும் கட்டாயத்தை மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீக்கிவிட்டது. எனவே மாணவர்கள் அவசரப்படுவதற்கு முன், தம் பல்கலைக்கழகத்தின் இன்றைய விதி யாதெனக் கேட்டறிதல் நன்று.

முடிவுரை

பொறுப்பு மாணவரோடு முடிவதன்று. 'எத்தனை கட்டுரை?' என்று மட்டும் வினவும் நெறியாளரும், எண்ணிக்கையை மட்டும் கோப்பில் நிரப்பும் கல்லூரிகளும் போலி இதழ்களுக்கு அறியாமலே துணைபோகின்றனர். தமிழ்த்துறைகள் திங்கள்தோறும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். வெளியே அனுப்பவிருக்கும் கட்டுரையைத் துறையினர் முன் படிக்கச் செய்து, தடைகள் எழுப்பி, விடை கேட்டு, திருத்திய பின் அனுப்பலாம். அனுப்பவிருக்கும் இதழின் பழைய வெளியீடு ஒன்றையும் அன்றே மேசைமேல் வைத்து ஆராயலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை, பட்டியலும் தேவையில்லை. அதங்கோட்டாசான் இருந்த இடத்தில் நம் ஆசிரியர்கள் அமர்ந்து, மாணவரின் கட்டுரையை முழுமையாகப் படித்தால் போதும்.